லேத் பட்டறையில் சிதறும் இரும்புச் சில்லு: கண்ணில் விழுந்தால் என்ன செய்யணும்? கையால் இழுத்தால் என்ன ஆகும்? - முழு விவரம்

காஞ்சிபுரம் என்றதும் பட்டுப் புடவையும் கோயில் கோபுரமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் விடியற்காலையில் ஊருக்குள் நின்று பார்த்தால் வேறொரு காட்சியும் தெரியும். யூனிஃபார்ம் சட்டையும் கழுத்தில் ஐடி கார்டுமாக இளைஞர்கள் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் தொழிற்பேட்டைகள் நிறைந்த மாவட்டம் இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி உதிரி பாகம் செய்யும் சிறு, குறு பட்டறைகளும் பெருகின. தறி நெய்த குடும்பங்களில் அடுத்த தலைமுறை லேத்துக்கும் சிஎன்சி மெஷினுக்கும் போயிருக்கிறது.

இந்தப் பட்டறைகள் எல்லாவற்றிலும் நாள் முழுக்கக் குவியும் ஒரு பொருள் உண்டு. அதுதான் உலோகச் சில்லு. வேலை செய்பவர்கள் 'சிப்ஸ்' என்பார்கள். நீளமாக வந்தால் 'சுருள்'. காயலான் கடைக்குப் போனால் அதுவே 'டர்னிங்', 'போரிங்'. பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும் இந்தச் சில்லு கண் பார்வையைப் பறிக்கும், விரலை வெட்டும், சில நேரம் பட்டறையையே எரித்துவிடும். அதை எப்படிக் கையாள வேண்டும்? விபத்து நடந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சில்லு எத்தனை வகை?

எந்த உலோகத்தை வெட்டுகிறோம், எப்படி வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்துச் சில்லின் வடிவம் மாறும். அதற்கு ஏற்ற மாதிரி ஆபத்தும் மாறும்.

முதல் வகை, நீளச் சுருள். சாதாரண எஃகு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் போன்றவற்றை லேத்தில் கடையும்போது ரிப்பன் மாதிரி விடாமல் வரும். இதன் ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். கையை வெட்டுவதும், சுற்றிக்கொண்டு இழுப்பதும் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, உடைந்து தெறிக்கும் துண்டுகள். வார்ப்பிரும்பும் பித்தளையும் இப்படித்தான் வெட்டுப்படும். சுற்றிக்கொள்ளாது. ஆனால் கண்ணை நோக்கிப் பறக்கும்.

மூன்றாவது, தூள். கிரைண்டிங் வேலையில் வருவது. தீப்பொறியாகப் பறந்து கண்ணில் ஒட்டும், மூச்சோடு உள்ளே போகும்.

ஏன் இவ்வளவு சூடு, இவ்வளவு கூர்மை?

டூல் உலோகத்தை வெட்டும்போது உண்டாகும் வெப்பத்தில் பெரும்பகுதி சில்லோடுதான் வெளியேறுகிறது. ஜாப்பைத் தொட்டால் மிதமான சூடாக இருக்கும், ஆனால் கீழே விழுந்த சில்லு சுடும். எஃகுச் சில்லு நீல நிறத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது சாயமில்லை. எஃகின் மேற்பரப்பு சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, காற்றோடு சேர்ந்து மெல்லிய படலம் உண்டானதற்கான அடையாளம். அந்தச் சில்லு சட்டைக் காலருக்குள் விழுந்தால், உதறுவதற்குள் தோல் வெந்துவிடும்.

கூர்மைக்குக் காரணம் வேறு. வெட்டுப்படும்போது உலோகம் நசுங்கி, மடங்கி, முன்பு இருந்ததைவிடக் கடினமாகிறது. ஓரம் மெல்லியதாகவும் பிசிறாகவும் இருக்கும். கடினமும் மெல்லிய ஓரமும் சேர்ந்தால் அது கத்திதான்.

கையால் இழுத்தால் என்ன ஆகும்?

பட்டறைகளில் அடிக்கடி நடப்பது இது. சுருள் டூலைச் சுற்றிக்கொள்கிறது. மெஷினை நிறுத்தினால் நேரம் போகும். "சும்மா ஒரு இழு இழுத்தா வந்துடும்" என்று கை போகிறது.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். லேத் சக் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வினாடிக்கு 16 சுற்றுக்கு மேல். ஏதோ தப்பாக நடக்கிறது என்று மூளை உணர்ந்து கையைப் பின்னுக்கு இழுக்கக் கால் வினாடி ஆகும். அதற்குள் சக் 4 முறை சுற்றிவிடும். விரலில் சுற்றிய சுருளின் மறுமுனை சக்கில் மாட்டிக்கொண்டால், 4 சுற்றில் அது விரலில் எவ்வளவு ஆழமாக இறுங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தோலோடு நிற்காது. விரலை மடக்க உதவும் தசைநாண் வரை வெட்டிவிடும். தசைநாண் அறுந்தால் தையல் போட்டாலும் விரல் பழையபடி மடங்குவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு முழுசாக மடங்காமலே போகலாம்.

கையால் இழுக்காமல் விட்டாலும் ஆபத்து இருக்கிறது. நீளச் சுருள் தானாகவே சக்கில் மாட்டி, சாட்டை மாதிரி சுழன்று எதிரே நிற்பவரை அடிக்கும். ஆகவே சுருள் சேரத் தொடங்கியதும் ஃபீடை நிறுத்தி, மெஷினை ஆஃப் செய்து, சக் முழுசாக நின்ற பிறகுதான் அதை எடுக்க வேண்டும்.

கிளவுஸ் போட்டால் போதாதா?

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சுழலும் சக், டிரில், மில்லிங் கட்டர் அருகே கிளவுஸ் போடவே கூடாது. வெறுங்கை பட்டால் வெட்டோடு விலக வாய்ப்பு உண்டு. கிளவுஸ் நூல் மாட்டினால் கை முழுவதையும் உள்ளே இழுத்துவிடும். தொங்கும் சட்டைக் கை, கழுத்தில் துண்டு, ஐடி கார்டு கயிறு, கையில் கட்டிய சாமிக் கயிறு, மோதிரம், வளையல், பின்னாமல் விட்ட தலைமுடி எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

அப்போ கிளவுஸ் எப்போது? மெஷின் நின்ற பிறகு, சில்லை அள்ளும்போது. அதற்கும் சாதாரண பருத்திக் கிளவுஸ் போதாது. சுருளின் ஓரம் அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். வெட்டுத் தாங்கும் கிளவுஸ் வேண்டும்.

சில்லை எப்படி அகற்றுவது?

நீளச் சுருளுக்குக் கொக்கி. அந்தக் கொக்கியின் கைப்பிடி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வளையமாக வளைத்து, விரலை உள்ளே நுழைத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் அது ஆபத்து. கொக்கி எங்காவது மாட்டினால் விரலும் அதோடு போகும். நேரான பிடி, கையைக் காக்க நடுவே ஒரு தட்டு, இழுபட்டால் கையிலிருந்து நழுவி வந்துவிடுகிற அமைப்பு. இதுதான் சரி.

மில்லிங் மெஷின், டிரில்லிங் மெஷின் மேசையில் கிடக்கும் சிறு சில்லுகளுக்குப் பிரஷ் போதும். தரையில் கிடப்பதற்குத் துடைப்பமும் முறமும், அல்லது தொழிற்சாலை வேக்குவம். வேஸ்ட் துணியால் துடைத்தால் சில்லு துணியில் குத்திக்கொண்டு நிற்கும். அடுத்து அதே துணியால் கை துடைப்பவருக்குத்தான் வெட்டு.

எண்ணெய் கலந்த சில்லு தரையில் கிடந்தால் வழுக்கும். ஓடுகிற மெஷின் பக்கத்தில் வழுக்கி விழுந்தால் கை எங்கே போய் ஊன்றும் என்று யோசித்துப் பாருங்கள். ஷிஃப்ட் முடிகிற வரை காத்திருக்காமல் இடையிடையே தரையைக் கூட்ட வேண்டும். செருப்போடு வேலை செய்யவே கூடாது. ரப்பர் அடியைத் துளைத்துக்கொண்டு சில்லு பாதத்தில் ஏறும். பாதுகாப்பு ஷூவுக்கு இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 15298. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

நீளச் சுருளே வராமல் செய்ய முடியுமா?

முடியும். அதுதான் சிறந்த வழியும்கூட. சில்லு தானாகவே சின்னத் துண்டாக உடைந்து விழுந்தால் கையோ கொக்கியோ தேவையே இல்லை.

- சிப் பிரேக்கர் உள்ள இன்சர்ட் பயன்படுத்தலாம். அதன் மேலே உள்ள பள்ளம் சில்லை வளைத்து உடைக்கும்.
- ஃபீட் மிகக் குறைவாக இருந்தால் சில்லு மெல்லிசாகி, உடையாமல் நீளும். டூல் தாங்குகிற அளவில் ஃபீடைக் கொஞ்சம் கூட்டினால் சில்லு தடித்து உடையும்.
- ஆழமான துளை போடும்போது ஒரே மூச்சில் இறக்காமல், கொஞ்சம் இறக்கி, மேலே எடுத்து, மறுபடி இறக்க வேண்டும். சிஎன்சியில் இதற்குத் தனி சைக்கிள் உண்டு.
- மழுங்கிய டூலை உடனே மாற்ற வேண்டும். மழுங்கிய டூல் அதிகச் சூட்டையும் தாறுமாறான சுருளையும் உண்டாக்கும்.

சிஎன்சியில் கதவும் சிப் கன்வேயரும் இருப்பதால் ஆபத்து குறைவுதான். ஆனால் கதவு பூட்டின் சென்சாரை ஏமாற்றி, கதவைத் திறந்துவைத்தபடி ஓட்டும் பழக்கம் இருந்தால் அந்தப் பாதுகாப்பு எல்லாம் வீண். கன்வேயர் அடைத்துக்கொண்டால், அது ஓடும்போதே கையை விட்டுச் சுத்தம் செய்வதும் அதே ரகம்தான்.

ஏர் கன் அடித்தால் என்ன தப்பு?

"ரெண்டு செகண்ட் ஏர் அடிச்சா மெஷின் பளிச்னு ஆயிடும்" என்பது பட்டறைகளில் கேட்கிற பேச்சு. மெஷின் பளிச்சென்று ஆகும். அந்தச் சில்லு எங்கே போகும்? பக்கத்து மெஷினில் நிற்பவரின் கண்ணுக்கும் போகலாம். பட்டறை கம்ப்ரஸரில் காற்று வழக்கமாக 6 முதல் 8 பார் அழுத்தத்தில் இருக்கும். பிஎஸ்ஐ கணக்கில் சுமார் 90 முதல் 120. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிப்படி, சுத்தம் செய்ய அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினால் அது 30 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்க வேண்டும், சில்லு தெறிக்காத தடுப்பும் கண்ணாடியும் வேண்டும். பட்டறையில் அடிப்பது அதைப் போல 3, 4 மடங்கு.

இன்னொரு காரணம், மெஷினுக்கே கேடு. காற்றடித்தால் நுண்ணிய சில்லு ஸ்லைடுக்கும் பேரிங்குக்கும் இடையே புகுந்து தேய்மானத்தைக் கூட்டும்.

வேலை முடிந்து சட்டையில் ஒட்டிய தூசியை ஏர் அடித்துக்கொள்வது எல்லாவற்றையும்விட மோசம். தோலில் சின்ன வெட்டு இருந்தாலே போதும், அழுத்தக் காற்று அதன் வழியாக உள்ளே புக முடியும். ரத்தக் குழாயில் காற்றுக் குமிழ் போனால் உயிருக்கே ஆபத்து. விளையாட்டுக்குக்கூட ஏர் கன்னை யார் மேலும் திருப்பக் கூடாது.

கண்ணில் விழுந்தால் முதல் 10 நிமிடம்

முதலில், கண்ணைக் கசக்கக் கூடாது. கசக்கினால் மேலே ஒட்டியிருக்கும் துகள் கருவிழியைக் கீறும், இன்னும் ஆழமாக இறங்கும்.

துகள் லேசாக மேலே ஒட்டியிருக்கிற மாதிரி உறுத்தல் மட்டும் இருந்தால், சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். கண்ணைச் சிமிட்டலாம். கழுவிய பிறகும் உறுத்தல், சிவப்பு, நீர் வடிதல், மங்கல் இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

துகள் வேகமாக வந்து அடித்திருந்தால் கதை வேறு. கிரைண்டிங், சுத்தியலால் உலோகத்தை அடிப்பது, வேகமாக ஓடும் கட்டர், இப்படி வேலை நடந்தபோது சுரீரென்று பட்டிருந்தால் துகள் கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம். அப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்திக்கொண்டு நிற்பதைப் பிடுங்கக் கூடாது. ஒரு பேப்பர் கப்பின் அடிப்பகுதியைக் கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்து, டேப் ஒட்டி, உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வண்டி இல்லை என்றால் 108-க்கு அழையுங்கள்.

பட்டறைகளில் வேறு 'வைத்தியம்' நடப்பதும் உண்டு. ஒருவர் இமையைப் பிரித்துப் பிடிப்பார், இன்னொருவர் துணி முனையாலோ, பின்னாலோ, காந்தத்தாலோ எடுக்கப் பார்ப்பார். வீட்டுக்குப் போனால் விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடச் சொல்வார்கள். இவை எதுவுமே வேண்டாம். கருவிழியில் கீறலும் கிருமித் தொற்றும்தான் மிச்சமாகும்.

"காலையில பார்த்துக்கலாம்" என்பதும் ஆபத்துதான். இரும்புத் துகள் கண்ணீரின் ஈரத்தில் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். துகளை எடுத்தாலும் அதைச் சுற்றித் துரு வளையம் நிற்கும். அதைத் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். இரும்பு கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டால் நாளடைவில் விழித்திரையைப் பாழாக்கும். ஆரம்பத்தில் வலிகூட இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

மருத்துவரிடம் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், என்ன உலோகம் என்று கட்டாயம் சொல்லுங்கள். உள்ளே துகள் இருக்கிறதா என்று எக்ஸ்ரே, சிடி ஸ்கேனில் பார்ப்பார்கள். எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது, காந்தம் இரும்புத் துகளைக் கண்ணுக்குள்ளேயே நகர்த்திவிடும். பல வருடம் கழித்து வேறு எதற்காவது எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும், கண்ணில் இரும்பு பட்ட விஷயத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. பெரிய காயம் என்றால் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819-ல் தொடங்கப்பட்ட அது உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று.

எந்தக் கண்ணாடி சரி?

பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டில் திறந்திருக்கும், லென்ஸ் அடி தாங்காது. பக்கத் தடுப்பு உள்ள, பாலிகார்பனேட் லென்ஸ் கொண்ட கண்ணாடி வேண்டும். இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 5983. பவர் போடுபவர்கள் அதன் மேலேயே மாட்டும் காகிள்ஸ் வாங்கலாம். கிரைண்டிங்குக்குக் கண்ணாடியோடு முகக் கவசமும் வேண்டும். கீறல் விழுந்து மங்கிய கண்ணாடியை மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மங்கலாகத் தெரிந்தால் யாரும் போட மாட்டார்கள், நெற்றிக்குத் தள்ளிவிடுவார்கள். கண்ணாடியைக் கழற்றும்போது முதலில் முகத்தையும் புருவத்தையும் துடைத்துவிட்டுக் குனிந்து கழற்றுங்கள். மேலே தங்கிய தூள் அப்போதுதான் கண்ணில் விழும்.

கை வெட்டுப்பட்டால்?

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். ரத்தம் நின்ற சின்னக் காயம் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். டீத்தூள், மஞ்சள்தூள், கிரீஸ் எதையும் வைக்காதீர்கள். உள்ளே ஆழமாகக் குத்தி நிற்கும் சில்லைப் பிடுங்காமல், சுற்றிக் கட்டுப் போட்டு மருத்துவமனைக்குப் போங்கள். விரல் மடங்கவில்லை, நீட்ட முடியவில்லை, மரத்துப்போகிறது என்றால் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். ரணஜன்னி ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆச்சு என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சில்லுக் குவியல் தீப்பிடிக்குமா?

பிடிக்கும். எண்ணெய் ஊறிய மெல்லிய இரும்புச் சில்லைக் குவித்து வைத்தால், காற்றோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே சூடேறும். கப்பலில் சரக்காக ஏற்றும்போது இரும்புச் சில்லுக்கு 'தானாகச் சூடேறும் பொருள்' என்ற வகையில் ஐநா எண் 2793 கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் வேஸ்ட் துணியைச் சில்லு டிரம்மிலேயே போடுவது இந்த ஆபத்தைக் கூட்டும். துணிக்கு மூடியுள்ள தனி டப்பா வையுங்கள்.

அலுமினியத் தூளும் இரும்புத் தூளும் ஒரே கிரைண்டரில் சேரக் கூடாது. தீப்பொறி பட்டால் அலுமினியத் தூள் வெடித்து எரியும். ஈரமான அலுமினியத் தூளிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றுப் புகாதபடி மூடியும் வைக்கக் கூடாது.

மெக்னீசியம் சில்லு இன்னும் பயங்கரம். அது எரியும்போது தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் பெரிதாகும். காய்ந்த மணல், அல்லது உலோகத் தீக்கென்றே உள்ள 'டி' வகை தீயணைப்பான் மட்டும்தான். மணல் ஈரமாக இருக்கக் கூடாது.

கூலன்ட், ஈயம்: வெளியே தெரியாத ஆபத்து

கூலன்ட்டில் நாள் முழுக்க நனையும் கையில் நுண்ணிய சில்லு உண்டாக்கும் கீறல்கள் இருக்கும். அரிப்பு, தடிப்பு, வெடிப்பு வருவதற்கு இதுதான் வழி. கையைத் தின்னராலோ பெட்ரோலாலோ கழுவினால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையும் போய் நிலைமை மோசமாகும். சோப்பு, தண்ணீர், பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அது போதும்.

எளிதாகக் கடைய வேண்டும் என்பதற்காகச் சிலவகைப் பித்தளையில் சுமார் 3 சதவீதம் வரை ஈயம் சேர்க்கிறார்கள். அந்தத் தூள் ஒட்டிய கையோடு வடையோ டீயோ சாப்பிட்டால் ஈயம் வயிற்றுக்குப் போகும். மெஷின் பக்கத்தில் சாப்பிடக் கூடாது என்பதற்கு இது முக்கியக் காரணம்.

வடிந்த எண்ணெயைச் சாக்கடையில் விடுவதும் குற்றம். பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. ஏரிகள் நிறைந்த மாவட்டம் இது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்: கூடுதல் கவனம்

வருஷத்தில் ஒரு நாள் பட்டறை மூலை முடுக்கெல்லாம் கழுவப்படும். ஆண்டுக்கணக்கில் மெஷினுக்கு அடியில் தங்கிய சில்லு அன்றைக்குத்தான் வெளியே வரும். அவசரத்தில் ஏர் கன் எடுப்பார்கள். டிரேயைக் கையால் வழிப்பார்கள். மறுநாள் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று என்று பட்டறை கோயில் மாதிரி ஆனதும் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள், குழந்தைகளும் வருவார்கள்.

பூஜை செய்யும் இடத்தில் மட்டுமாவது தரையைக் காந்தத் துடைப்பத்தால் ஒருமுறை இழுத்துவிட்டு, பாயோ தார்ப்பாயோ விரித்துவிடுங்கள். அலுமினியம், பித்தளைச் சில்லு காந்தத்தில் ஒட்டாது என்பதால் அங்கே ஈரத் துணி போட்ட மாப் வேண்டும். மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்த பிறகே மாலை போடுங்கள்.

வீட்டுக்குப் போகும் முன்

ஷூ அடியில் குத்திய சில்லு, பேன்ட் மடிப்பில் தங்கிய தூள் எல்லாம் வீடு வரை வரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. காஞ்சிபுரத்தில் பல வீடுகளில் கூடத்திலேயே தறி இருக்கும். மெல்லிய பட்டு இழை ஓடும் பாவில் ஒரு பிசிறு மாட்டினால் இழை அறும். நெய்பவரின் பாதத்தில் ஏறினால் அன்றைய நெசவே நிற்கும். ஷூவையும் வேலைச் சட்டையையும் பட்டறையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். துவைக்கும்போது வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக உதறித் துவையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-வது பிரிவு கண் பாதுகாப்பு பற்றியது. துகள் தெறிக்கும் வேலைகளில் தடுப்புத் திரையோ கண்ணாடியோ தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்ய அது வழிசெய்தது. 21-வது பிரிவு ஆபத்தான பாகங்களுக்கு வேலி போடச் சொன்னது. லேத் ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் நீண்டு நிற்கும் கம்பிக்கும் தடுப்பு வேண்டும் என்று அதில் தனியாகவே இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ மின்சாரத்தோடு வேலை செய்யும் இடங்கள் அந்தச் சட்டத்துக்குள் வந்தன.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. பாதுகாப்பு விஷயங்கள் இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பில் வருகின்றன. அதில் தொழிற்சாலை என்பதற்கான வரம்பு, மின்சாரத்தோடு என்றால் 20 பேர். அதாவது சின்னப் பட்டறைகள் பல வரம்புக்கு வெளியே போகின்றன. அங்கே முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கவனித்தால்தான் உண்டு. தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளில் ஆய்வு செய்வது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பாதுகாப்புக் குறை இருந்தால் அங்கே புகார் தரலாம்.

இஎஸ்ஐ கிடைக்குமா?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 2017 முதல் உள்ள வரம்பின்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. வேலையில் நடந்த விபத்து என்றால், இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. விபத்து நாளைத் தவிர்த்து 3 நாட்களாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், சராசரி தினக் கூலியில் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். ஐடிஐ முடித்துவிட்டு அப்ரென்டிஸாக இருப்பவர்களுக்கு வேலையில் காயம் பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு இருப்பதாக 1961-ஆம் ஆண்டு பயிற்சியாளர் சட்டம் சொல்கிறது.

இதற்கெல்லாம் அடிப்படை, விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதுவது. "சின்ன விஷயம்தானே, வீட்டுல விழுந்துட்டேன்னு சொல்லிக்கோ" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்றைக்குச் சின்னதாகத் தெரியும் துகள், 6 மாதம் கழித்துப் பார்வையைக் குறைத்தால் அப்போது நிரூபிக்க எதுவும் இருக்காது.

இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், மற்ற கண் நன்றாக இருக்கும்போது ஒரு கண்ணின் பார்வை மட்டும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று கணக்கு. கண்ணையே இழந்தால் 40 சதவீதம். ஆனால் மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைப் பார்த்து வேலை செய்யும் ஒரு டர்னருக்கு, ஒற்றைக் கண்ணோடு பழைய வேலை திரும்பக் கிடைக்குமா என்பதை அந்தச் சதவீதம் சொல்லாது.

ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒரு நிமிடம்

- கண்ணாடி முகத்தில் இருக்கிறதா, நெற்றியிலா?
- கயிறு, மோதிரம், ஐடி கார்டு, தொங்கும் துணி கழற்றியாச்சா?
- மெஷின் கார்டும் கதவும் சரியாக மூடுகிறதா? எமர்ஜென்சி ஸ்விட்ச் வேலை செய்கிறதா?
- கொக்கியும் பிரஷ்ஷும் கை எட்டும் இடத்தில் இருக்கின்றனவா? தூரத்தில் இருந்தால் கைதான் போகும்.
- காலுக்கடியில் சில்லும் எண்ணெயும் இல்லாமல் இருக்கிறதா?
- முதலுதவிப் பெட்டி எங்கே என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரியுமா?

மெஷினை நிறுத்தி, சுருளை எடுத்து, மறுபடி ஓடவிட அரை நிமிடம் ஆகும். ஒரு ஷிஃப்டில் 20 முறை நிறுத்தினாலும் மொத்தம் 10 நிமிடம்தான். டார்கெட் போடும் மேற்பார்வையாளர்கள் அந்த 10 நிமிடத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டால், யாரும் ஓடுகிற சக்கில் கை விட வேண்டிய அவசியம் வராது.